வெண்டை ஏன் மஞ்சளாகிறது? நண்பன் வீட்டு மண்ணைப் படிப்போம்

மாணவர்களே, உங்கள் வகுப்பு நண்பன் ஒருவன் வந்து, "வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் இருக்கிறது. காய்கறி போடலாம் என்று பார்க்கிறேன். அறிவியலில் நீதான் கெட்டிக்காரன், வந்து உதவி செய்" என்கிறான். என்ன செய்வீர்கள்? பெரும்பாலோர் செய்வது இதுதான்: கடையில் வெண்டை விதை ஒரு பொட்டலமும் உரம் ஒரு பையும் வாங்கி, மண்ணைக் கிளறி, விதையைப் புதைத்துத் தண்ணீர் ஊற்றுவது. சில நாளில் முளை வரும். எல்லாருக்கும் சந்தோஷம். மூன்றாம் வாரம் இலை மஞ்சளாகும். செடி ஒரு சாண் உயரத்தில் நின்றுவிடும். இன்னும் ஒரு கை உரம் விழும். ஐந்தாம் வாரம் செடியைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பசாரில் காய் வாங்கப் போவார்கள்.

அந்த வீட்டில் ஒரு பாட்டி இருந்தால் இன்னொன்றும் நடக்கும். "தோட்டத்துல இருந்தப்ப குச்சிய நட்டு வெச்சாலும் வளந்துச்சு தம்பி. இங்க வந்து என் கைராசியே போச்சு" என்று பாட்டி சொல்வார். சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா வட்டாரத்து ரப்பர் தோட்டங்களை விட்டு ஈப்போ தாமான்களுக்குக் குடிவந்த குடும்பங்களில் இது பழகிப்போன பேச்சு.

பாட்டியின் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. மாறியது மண். வீடு மாறியபோது பானை சட்டி வந்தது, சாமி படம் வந்தது, கறிவேப்பிலைக் கன்றுகூட வந்திருக்கும். லயத்துக் கொல்லையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த மண் மட்டும் வரவில்லை. ஆகவே, நண்பனுக்கு நீங்கள் செய்யும் முதல் உதவி விதை வாங்குவதல்ல, அவன் வீட்டு மண் எப்படிப்பட்டது என்று கண்டுபிடிப்பது.

லயத்துக் கொல்லையின் இரகசியம்

ரப்பர் தோட்டத்து மண் நல்ல மண், அதனால்தான் அங்கே எல்லாம் விளைந்தது என்று பலர் நினைக்கிறார்கள். காய்கறியைப் பொறுத்தவரை அது தவறு. நம் நாட்டில் மழை அதிகம். ஈப்போவில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. இப்படி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பெய்த மழை, மண்ணிலிருந்த கால்சியம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவற்றைக் கரைத்து ஆழத்துக்குக் கொண்டுபோய்விட்டது. கரையாத இரும்பு ஆக்சைடும் அலுமினிய ஆக்சைடும் மேலே தங்கிவிட்டன. மண் சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருப்பதற்கு இரும்பு ஆக்சைடுதான் காரணம். துருப்பிடித்த ஆணியின் நிறம் எதனாலோ, அதனால்தான் இந்த நிறமும்.

இத்தகைய மண் அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 4-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். காய்கறிகளுக்கு ஏற்றது ஏறக்குறைய 6 முதல் 6.5 வரை. "இரண்டு எண்தானே வித்தியாசம்?" என்று நினைக்காதீர்கள். பிஎச் அளவில் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 6.5 பிஎச் கொண்ட மண்ணைவிட 4.5 பிஎச் கொண்ட மண்ணில் ஹைட்ரஜன் அயனிகளின் செறிவு 100 மடங்கு.

பால்மரத்துக்கு அது ஒரு தொல்லையே இல்லை. ரப்பர் மரத்தின் தாயகம் தென் அமெரிக்காவின் அமேசான் காடு. அங்கும் இதே போன்ற அமில மண் உண்டு. பிரேசிலிலிருந்து 1876-இல் இங்கிலாந்துக்குப் போன விதைகளின் வழி வந்த 22 கன்றுகள் 1877-இல் சிங்கப்பூரை அடைந்தன. அவற்றில் ஒன்பது நம் பேராக்கின் கோல கங்சாரில் நடப்பட்டன. அங்கு இன்றும் ஒரு முதுமரத்தைக் காட்டுவார்கள். அமேசானை விட்டு வந்த மரம் இங்கே செழித்ததற்குப் பல காரணங்கள் உண்டு. தனக்குப் பழக்கமான மண்ணை அது இங்கே கண்டதும் அவற்றில் ஒன்று.

வெண்டைக்கும் கத்தரிக்கும் இந்த மண் ஒத்துவராது. அமிலம் மட்டும் காரணமல்ல, அலுமினியமும்தான். சாதாரணமாக அலுமினியம் களிமண்ணுக்குள் கட்டுண்டு கிடக்கும். பிஎச் 5-க்குக் கீழே போனால் அது கரைந்து வெளிவரத் தொடங்கும். கரைந்த அலுமினியம் வேர் நுனியைத் தாக்கும். வேர் நீளாமல் குட்டையாகித் தடித்துப் போகும். அது மட்டுமல்ல, நாம் உரமாக இடும் பாஸ்பரஸ் இரும்போடும் அலுமினியத்தோடும் ஒட்டிக்கொண்டு செடிக்குக் கிடைக்காமல் போகும். நண்பன் இரண்டாம் முறை அள்ளிப்போட்ட உரம் மண்ணில்தான் இருக்கிறது. எடுத்துக்கொள்ள வேர்தான் இல்லை.

அப்படியானால் பாட்டியின் லயத்துக் கொல்லையில் மட்டும் எப்படி விளைந்தது? அங்கே அன்றாடம் என்ன நடந்தது என்று அவரையே கேளுங்கள். விறகடுப்புச் சாம்பலைக் கொல்லையில் கொட்டியிருப்பார்கள். சாம்பல் காரத்தன்மை கொண்டது. கால்சியமும் பொட்டாசியமும் அதில் உண்டு. மாட்டுச் சாணம் விழுந்திருக்கும். மீன் கழுவிய தண்ணீர், மீன் முள், காய்கறித் தோல், கூட்டிய சருகு எல்லாம் அங்கேதான் போயிருக்கும். மீன் முள்ளில் கால்சியமும் பாஸ்பரஸும் சேர்ந்தே இருக்கின்றன. ஒரு தலைமுறைக் காலம் இப்படிச் சேர்ந்தபின் அது தோட்டத்துச் செம்மண்ணாகவே இருக்காது. பாட்டியும் அவருக்கு முன் அந்த லயத்தில் குடியிருந்தவர்களும் தெரியாமலே செய்த புது மண் அது.

இதே வேலையை அமேசான் காட்டுப் பழங்குடி மக்களும் செய்திருக்கிறார்கள். அங்கே அமிலச் செம்மண்ணுக்கு நடுவே திட்டுத் திட்டாகக் கறுப்பு மண் கிடக்கிறது. போர்த்துகீசிய மொழியில் அதைத் 'தெர்ரா பிரேத்தா', அதாவது கறுப்பு மண், என்கிறார்கள். கரி, சாம்பல், மீன் எலும்பு, உடைந்த பானை ஓடு, வீட்டுக் கழிவு ஆகியவை சேர்ந்து உருவான மண் அது. 2,000 ஆண்டுக்கும் மேல் பழைமையான திட்டுகளும் உண்டு. இன்றைக்கும் அவை செழிப்பாக இருக்கின்றன. பால்மரத்தின் சொந்த ஊரில் நடந்தது, பால்மரத்தின் புகுந்த ஊரிலும் சிறிய அளவில் நடந்திருக்கிறது.

இன்னொரு செய்தியையும் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி கிடைக்காமல் தோட்ட மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு உயிர் பிழைத்த கதை பல வீடுகளில் உண்டு. ஏன் மரவள்ளி? குச்சியை ஒடித்து நட்டால் போதும் என்பது ஒரு காரணம். கரைந்த அலுமினியத்தையும் அமிலத்தையும் தாங்கும் பயிர்களில் மரவள்ளி முன்னணியில் நிற்கிறது என்பது இன்னொன்று. காய்கறி வளர மறுக்கும் மண்ணில் அது கிழங்கு வைக்கும். நண்பன் வீட்டில் வெண்டை வாடி, மரவள்ளி மட்டும் கொழித்தால் அதுவே ஒரு மண் சோதனை முடிவுதான்.

கொல்லையில் மணலாக இருந்தால்

ஈப்போவிலும் சுற்று வட்டாரத்திலும் எல்லார் வீட்டிலும் செம்மண் இருக்காது. கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர். நடுவில் கிந்தா பள்ளத்தாக்கு. மலைகளில் உள்ள கருங்கல் பாறை சிதைந்து, அதிலிருந்த ஈயத் தாது மழைநீரோடு இறங்கிப் பள்ளத்தாக்கில் படிந்தது. அந்த ஈயத்துக்காகத்தான் பள்ளத்தாக்கு முழுவதையும் தோண்டினார்கள். நம் தாத்தாக்கள் அதை ஈயலம்பம் என்பார்கள்.

அங்கே மண்ணைத் தண்ணீரால் பீய்ச்சிக் கரைத்து, குழம்பாக்கி, 'பாலோங்' என்ற நீண்ட சரிவான மரத் தொட்டியில் ஓடவிடுவார்கள். ஈயத் தாது மணலைவிட இரண்டரை மடங்கு அடர்த்தியானது. ஆகவே அது முதலில் அடியில் தங்கிவிடும். மணலும் களிமண்ணும் தண்ணீரோடு போய்விடும். மணல் ஒரு பக்கம் குவியும். களிமண் சேறு இன்னொரு பக்கம் தேங்கும். தஞ்சோங் துவாலாங் அருகே இன்றும் பார்வைக்கு நிற்கும் ஐந்தாம் எண் ஈயக் கப்பலும் இதே வேலையைத்தான் செய்தது. 1938-இல் கட்டப்பட்ட அந்த மிதக்கும் தொழிற்சாலை 1982 வரை ஓடியது. 1985-இல் உலக ஈயச் சந்தை சரிந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பல இடங்களில் குட்டைகள் மிஞ்சின. சில இடங்களில் மீன் வளர்ப்பும் காய்கறிப் பயிரும் வந்தன. இன்னும் சில இடங்களில் தாமான்கள் எழுந்தன.

மணலும் களிமண்ணும் கலந்திருந்தால்தான் மண். ஈயலம்பம் அவற்றைச் சலித்துப் பிரித்துத் தனித்தனியாகப் போட்டுவிட்டது. வெறும் மணலில் தண்ணீர் நிற்காது. உரமும் நிற்காது, அடுத்த மழையோடு கீழே போய்விடும். செம்மண்ணில் உரம் பூட்டிக் கிடக்கிறது என்றால் மணலில் ஓடிப்போகிறது. இரண்டு வீட்டிலும் இலை ஒரே மாதிரி மஞ்சளாகத்தான் தெரியும். காரணம் வேறு, மருந்தும் வேறு.

மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. வீடு கட்டும்போது இயந்திரங்கள் மேல்மண்ணைச் சுரண்டிவிட்டு, அடிமண்ணையும் சிமெண்டுக் கட்டிகளையும் போட்டு மேடாக்கி, உருளையால் அழுத்திய இடம். மண்வெட்டி போட்டால் 'டங்' என்று சத்தம் கேட்கும். அங்கே முதல் பிரச்சினை காற்றுதான். வேர் மூச்சுவிட இடமில்லை.

சோதித்துப் பார்ப்போம்

முதலில் கொல்லையில் ஐந்து இடங்களில் 15 சென்டிமீட்டர் ஆழம் வரை மண் எடுத்து ஒன்றாகக் கலந்துகொள்ளுங்கள். ஓர் இடத்து மண்ணை மட்டும் நம்பாதீர்கள். அங்கே முன்பு சிமெண்டு கொட்டியிருக்கலாம்.

ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றில் ஒரு பங்கு அந்த மண்ணைப் போட்டு, முக்கால் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு சில துளி விட்டு, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் துகள்கள் பிரிய சோப்பு உதவும். ஒரு நிமிடத்துக்குள் மணல் படியும். அடுத்த சில மணி நேரத்தில் வண்டல் படியும். களிமண் படிய ஒரு நாள், சில சமயம் இரண்டு மூன்று நாள்கூட ஆகும். பாலோங்கில் அடர்த்தி செய்த வேலையைப் போத்தலில் துகளின் அளவு செய்கிறது. ஒவ்வோர் அடுக்கின் உயரத்தையும் அடிக்கோலால் அளந்து விழுக்காடு கணக்கிடுங்கள். பத்தில் ஒன்பது பங்கு மணலாக இருந்தால், அது ஈயமணல் என்று சந்தேகப்படலாம்.

அடுத்தது குழி. ஓர் அடி ஆழத்துக்குத் தோண்டி, தண்ணீர் நிரப்பி, வடியவிடுங்கள். மறுபடியும் நிரப்பி நேரத்தைக் குறியுங்கள். சில நிமிடத்தில் காணாமல் போனால் மணல். ஒரு மணி நேரத்தில் இரண்டு சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால் அழுந்திய மண்; அதில் அப்படியே நட்டால் மழைக்காலத்தில் வேர் அழுகும்.

மூன்றாவது, பிஎச் அளவு. ஒரு பங்கு மண், இரண்டரைப் பங்கு காய்ச்சி வடித்த நீர். கலக்கி, அரை மணி நேரம் தெளியவிட்டு, பிஎச் தாளை நனைத்து, நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். பள்ளி அறிவியல் கூடத்தில் ஆசிரியரிடம் கேட்டால் தாள் கிடைக்கும். சங்குப்பூச் சாற்றை வைத்து இதைச் செய்யலாமா என்று சிலர் கேட்பார்கள். நாசி கெராபுவுக்கு நீல நிறம் கொடுக்கும் அதே பூதான். எலுமிச்சைச் சாறு பட்டால் ஊதாவாகும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 4.5-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாட்டை அது தெளிவாகக் காட்டாது. ஆகவே மண்ணுக்குத் தாளே மேல்.

தாள் கிடைக்கும் வரை வேலியோரத்துச் செடிகளைப் பாருங்கள். ஊதாப்பூ பூத்து, கறுத்த பழம் வைக்கும் செண்டுடுக் செடி தெரியுமல்லவா? தோட்டத்துப் பிள்ளைகள் அந்தப் பழத்தைத் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்வார்கள். அதன் தாவரவியல் பெயரான மெலஸ்டோமா என்பதற்கே 'கறுத்த வாய்' என்றுதான் பொருள். அது அமில மண்ணை விரும்பும் செடி. அலுமினியத்தைத் தன் இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும் விசித்திரச் செடியும்கூட. அது தழைத்திருக்கும் இடத்தில் வெண்டை விதையைத் தூவுமுன் யோசியுங்கள்.

கல்லுமலையிலிருந்து ஒரு கைப்பிடி

செம்மண்ணுக்கு மருந்து எங்கே இருக்கிறது? ஈப்போவில் நிமிர்ந்து பார்த்தாலே தெரியும். குனோங் சீரோவில் கல்லுமலை முருகன் கோவிலுக்குப் பின்னால் நிற்கும் மலை, குனோங் ராப்பாட் குகைகள், தம்புன் பக்கத்துக் குன்றுகள் எல்லாம் சுண்ணாம்புக் கல். கால்சியம் கார்பனேட்தான் அதன் அடிப்படை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் கல்லைக் கரைத்ததால்தான் குகைகள் உண்டாயின. அமிலம் கல்லைக் கரைக்கும்போது அமிலமும் தீர்ந்துபோகிறது. கல்லைப் பொடியாக்கி மண்ணில் போட்டால் அதே வினை நம் பாத்தியில் நடக்கும்: ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டோடு சேர்ந்து தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். பிஎச் உயரும், கரைந்த அலுமினியம் மறுபடியும் கரையாத பொருளாகிப் படிந்துவிடும். குகையை உண்டாக்கிய அதே வேதியியல் வெண்டைக்கு வழிவிடுகிறது.

விவசாயக் கடையில் மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள், அதாவது டோலமைட் தூள், கேளுங்கள். ஹெக்டருக்கு இரண்டு டன் என்ற அளவை எடுத்துக்கொள்வோம். ஒரு ஹெக்டர் 10,000 சதுர மீட்டர். இரண்டு டன் 20,00,000 கிராம். வகுத்தால் சதுர மீட்டருக்கு 200 கிராம். மிக அமிலமான மண்ணுக்கு இதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம். ஆனால் முதலில் இவ்வளவே போட்டு, பிறகு அளந்து பார்ப்பது நல்லது. அள்ளித் தூவி, ஒரு சாண் ஆழத்துக்குக் கிளறிக் கலந்து, இரண்டு மூன்று வாரம் பொறுத்திருக்க வேண்டும். கோழி எருவையும் யூரியாவையும் அதே நாளில் போடாதீர்கள். சுண்ணாம்போடு சேர்ந்தால் நைட்ரஜன் அம்மோனியா வாயுவாகப் பறந்துவிடும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, நண்பன் கொடுத்த காசு காற்றில் போகும் நெடி.

"முட்டை ஓடு போதாதா?" என்பது அடுத்த கேள்வி. அதுவும் கால்சியம் கார்பனேட்தான். ஓர் ஓட்டின் எடை ஏறக்குறைய 5 கிராம். 200 கிராமுக்கு 40 ஓடு. இரண்டு சதுர மீட்டருக்கு 80. அவற்றை மாவாக அரைக்கவும் வேண்டும். கையால் நொறுக்கிப் போட்டால் கரைய ஆண்டுக் கணக்காகும். நண்பன் வீட்டில் ரொட்டிக் கடை நடத்தினால் முயற்சி செய்யட்டும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வேறு பொருள். அது கால்சியம் ஹைட்ராக்சைடு, காரம் அதிகம், கையையும் கண்ணையும் பாதிக்கும். அதை எடுக்கவே வேண்டாம்.

மணல் நிலத்துக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே தண்ணீரையும் உரத்தையும் பிடித்து வைக்க ஏதாவது வேண்டும்: மக்கிய குப்பை, தேங்காய் நார்த்தூள், எங்கிருந்தாவது கிடைத்தால் கொஞ்சம் களிமண். உரத்தை ஒரே நாளில் கொட்டாமல் வாரா வாரம் சிட்டிகை சிட்டிகையாகப் போட வேண்டும். மணலுக்கும் ஒரு நல்ல குணம் உண்டு: வேரும் காயும் தடையில்லாமல் இறங்கும். கச்சான் மண்ணுக்குள் காய்ப்பது. களிமண்ணில் பிடுங்கினால் பாதி உள்ளேயே தங்கிவிடும். மணலில் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஈயத் தாதுவோடு சில இடங்களில் ஆர்செனிக் கொண்ட தாதும் கலந்திருக்கும். ஆகவே பழைய சுரங்க நிலம் என்று உறுதியாகத் தெரிந்தால், அந்த மண்ணிலேயே கீரையும் கங்கோங்கும் போட்டுச் சாப்பிடுவது வேண்டாம். கங்கோங் உலோகங்களை எளிதில் உறிஞ்சும் பயிர். விவசாய இலாகாவில் மண்ணைச் சோதிக்க வழி கேளுங்கள். அதுவரை பாலித்தீன் பைகளிலோ பலகைப் பெட்டியிலோ வாங்கிய மண்ணில் பயிரிடலாம். இதை நண்பனின் அப்பாவிடமும் சொல்லிவிடுங்கள். சிறிய வீட்டில் சிறிய பிள்ளைகள் இருப்பார்கள்.

அழுந்திய மண்ணுக்கு வேதியியல் தேவையில்லை, தோள் பலம்தான் தேவை. ஓர் அடி ஆழத்துக்கு வெட்டி, கட்டிகளைப் பொறுக்கி, மேலே மக்கிய எரு கலந்து மேட்டுப் பாத்தியாக்குங்கள். பிறகு அதன்மேல் யாரும் கால் வைக்கக் கூடாது.

வேரில் ஒரு உரத் தொழிற்சாலை

ரப்பர் தோட்டங்களின் தொடக்க காலத்தில் மரங்களுக்கிடையே ஒரு புல்கூட இல்லாமல் செதுக்கி வைப்பதே நல்ல பராமரிப்பு என்று துரைமார் நம்பினார்கள். சரிவான நிலத்தில் மேல்மண் மழையோடு போன பிறகுதான் புத்தி வந்தது. பிறகு புவேரியா, கலப்போகோனியம், சென்ட்ரோசீமா என்ற மூன்று கொடிகளைத் தரையில் படரவிட்டார்கள். மூன்றும் அவரை, பயறு இனத்தவை. அவை மண்ணை மூடிக் காத்தன. கூடவே இலவசமாக உரமும் தயாரித்தன.

காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். ஆனால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுக்க முடியாது. பயறு இனச் செடிகளின் வேரில் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் குடியேறிச் சிறு முடிச்சுகளை உண்டாக்கும். அவை காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றிச் செடிக்குக் கொடுக்கும். செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கும். இந்தக் கூட்டு வாழ்க்கையை நண்பனுக்குக் கண்ணாலேயே காட்டலாம். நீளப் பயத்தங்காய் விதைத்து ஐந்தாறு வாரம் கழித்து ஒரு செடியை மட்டும் மெதுவாகத் தோண்டி, வேரைக் கழுவுங்கள். மிளகு அளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றைப் பிளேடால் வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தொழிற்சாலை ஓடுகிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை.

அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது? நம் இரத்தத்துக்கு நிறம் தரும் ஹீமோகுளோபினுக்கு உறவான ஒரு புரதம் அது. லெக்ஹீமோகுளோபின் என்பது பெயர். நைட்ரஜனை மாற்றும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைத் தீர்க்க இப்புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து அளந்து கொடுக்கிறது. ஒரு பயற்றஞ்செடியின் வேருக்குள் இரத்தத்தின் உறவினர் இருக்கிறார் என்பதை நான் எத்தனை முறை வெட்டிப் பார்த்தாலும் வியப்பு அடங்குவதில்லை.

ஒன்றை மறக்க வேண்டாம்: 4.5 பிஎச் கொண்ட மண்ணில் இந்தப் பாக்டீரியாவும் தடுமாறும். சுண்ணாம்பு முதலில், பயறு அடுத்து. மேலும், நைட்ரஜனின் பெரும்பகுதி நாம் பறித்துத் தின்னும் காய்க்கே போய்விடும். ஆகவே பயிர் முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் அடியோடு அறுத்து, வேரை மண்ணிலும் தழையை மேலேயும் விட்டுவிடுங்கள். ஈப்போ புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் மணம் தெருவில் வரும்போது நினைத்துப் பாருங்கள். அங்கே வறுபடும் கடலையும் பட்டாணியும் எல்லாம் இந்த வேர் முடிச்சுக் குடும்பத்துப் பிள்ளைகள்.

முதல் பாத்தி

1974-இல் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கி, வீட்டு நிலத்தில் காய்கறி பயிரிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டார். காய்கறி விலை ஏறும்போதெல்லாம் இதே எண்ணம் நாட்டில் திரும்பி வருகிறது. அந்த வேகத்தில் கொல்லை முழுவதையும் ஒரே நாளில் வெட்டிப் போடுவார்கள். நண்பனை அதைச் செய்யவிடாதீர்கள். ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் நீளம் போதும். இரு பக்கமிருந்தும் கை நடுவுக்கு எட்டும். கால் வைக்கத் தேவையில்லை. டோலமைட் 400 கிராம். மக்கிய எரு இரண்டு வாளி.

இடத்தைத் தேர்ந்தெடுக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கு ஒரு முறை வெயில் எங்கே விழுகிறது என்று படம் வரையுங்கள். நம் நாட்டில் பகல் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரம். ஆனால் பக்கத்து வீட்டுச் சுவர் அதில் பாதியைத் தின்றுவிடும். வெண்டை, மிளகாய், கத்தரிக்கு ஆறு மணி நேர நேரடி வெயில் வேண்டும். நிழலான ஓரத்தில் பாண்டான், கறிவேப்பிலைக் கன்று, இஞ்சி வைக்கலாம்.

விதைக்குமுன் மண்ணைச் சருகாலோ, விதை வைக்காத காய்ந்த லாலான் புல்லாலோ மூடுங்கள். மாலையில் கொட்டும் மழை வெறும் மண்ணில் நேரடியாக விழுந்தால் மேற்பரப்பு ஓடுபோல் இறுகிவிடும். மூடாக்கு இருந்தால் துளி அதன்மேல் உடைந்து மெதுவாக இறங்கும். தொட்டித் தட்டுகளிலும் வாளியிலும் தேங்கும் தண்ணீரை வாரத்துக்கு இரு முறையாவது கொட்டிவிட வேண்டும். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் பருவத்தை அடைய ஒரு வாரம் பத்து நாள் போதும். காய்கறியோடு டிங்கியையும் வளர்க்கக் கூடாது.

எதை முதலில் போடுவது? நடுவில் நீளப் பயத்தங்காய்க்குக் குச்சிப் பந்தல். வெயில் பக்கம் நான்கு வெண்டை. ஓரத்தில், சுரங்க நிலம் இல்லை என்று தெரிந்தால், கங்கோங். கங்கோங் நான்கு வாரத்தில் அறுவடைக்கு வரும். நண்பனின் ஆர்வம் அதுவரை தாங்கும். வெண்டையும் பயறும் ஏழு வாரம் கேட்கும். வெண்டையைப் பூ உதிர்ந்து நாலைந்து நாளில் பறித்துவிட வேண்டும், விட்டால் நாராகும். பாட்டியை ஒரு நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார வையுங்கள். எப்போது பறிப்பது, எந்த இலையைப் பூச்சி தொட்டிருக்கிறது என்பதெல்லாம் உங்கள் பாடநூலைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். மண்ணைத் தவிர மற்ற எல்லாம் அவரோடு தாமானுக்கு வந்திருக்கிறது.

கடைசியாக ஒரு வேலை; இதற்கு நண்பன் முகம் சுளிப்பான். பாத்தியின் ஒரு மூலையில் ஓர் அடிச் சதுரத்துக்குச் சுண்ணாம்பு போடாமல் விட்டுவிடுங்கள். எரு, தண்ணீர், விதை, விதைத்த நாள் எல்லாம் ஒன்றாகவே இருக்கட்டும். ஆறாம் வாரம் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு வெண்டைச் செடியைத் தோண்டி எடுத்து, வேரைக் கழுவி, வெள்ளைத் தாளில் பக்கம் பக்கமாக வைத்து நீளத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிஎச் அளவையும் அன்றே எடுங்கள்; மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுங்கள். மழை சுண்ணாம்பைத் தொடர்ந்து கரைத்துக் கீழே கொண்டுபோய்க்கொண்டுதான் இருக்கும். எண் மறுபடியும் 5-ஐ நோக்கி இறங்கினால் இன்னொரு 200 கிராம் டோலமைட் வாங்கும் நேரம் வந்துவிட்டது.